துணைவர் மறைந்தபின் கேட்கப்படும் கையொப்பங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் சொத்தையும் சட்டத்தையும் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று இவ்விதழின் வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். கணவரையோ மனைவியையோ இழந்த ஒருவர் பின்னர் அலுவலகம் அலுவலகமாக எடுத்துச் செல்ல வேண்டிய காகிதங்களுள் முதலாவது எங்கள் மேசையில்தான் எழுதப்படுகிறது. அக்காகிதத்தில் நேரும் பிழைக்காகவும், அதைத் தொடர்ந்து வீட்டில் நேர்ந்துவிட்ட பிழைகளுக்காகவும், சில மாதங்கள் கழித்து அவர்கள் எங்களிடமே திரும்பி வருகிறார்கள்.

அவ்வாறு வந்தவர்களுள் ஓர் அம்மையாரை என்னால் மறக்க இயலவில்லை. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் கல்லீரல் செயலிழப்பால் எங்கள் பிரிவில் காலமானவர். இரண்டு சிறு பிள்ளைகள். எட்டு மாதங்களுக்குப் பிறகு கணவரின் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வாரிசுச் சான்றிதழுக்காக என்று சொல்லி உறவினர்கள் அவரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று கையொப்பமும் விரல் ரேகையும் பெற்றிருக்கிறார்கள். அது சார்பதிவாளர் அலுவலகம். அவர் கையொப்பமிட்டது விடுதலைப் பத்திரம். கணவர் தம் உழைப்பில் வாங்கிய மனையில் தமக்குள்ள பங்கைக் கணவரின் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. "டாக்டர், அன்றைக்கு எனக்கு எந்தக் காகிதமும் கண்ணில் தெரியவில்லை, காட்டிய இடத்தில் போட்டேன்" என்றார். இதை எப்படி மீட்பது என்று அவர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அதன்பின் வழக்கறிஞர்களிடமும் வருவாய்த் துறையில் பணியாற்றிய நண்பர்களிடமும் கேட்டும், சட்டங்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் இக்கட்டுரை போதாது; வழக்கறிஞரை அணுக வேண்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இறப்புக்குப் பின் உடனடியாகச் செய்ய வேண்டிய செயல்கள் மிகச் சில. அவற்றை முதல் மூன்று வாரங்களுக்குள் முடித்துவிடலாம். சொத்தைப் பிரிப்பது, விட்டுக்கொடுப்பது, விற்பது ஆகிய எதுவும் அவற்றுள் அடங்காது. நடைமுறையிலோ இது தலைகீழாக நிகழ்கிறது. பதிவு செய்ய வேண்டியது கிடப்பில் கிடக்க, கையொப்பங்கள் விரைந்து வாங்கப்படுகின்றன.

பெயரில் தொடங்கும் தொல்லை

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வோர் இறப்பும் 21 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். மருத்துவமனையில் நிகழ்ந்த இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவமனையுடையது. வீட்டில் நிகழ்ந்தால் அக்கடமை குடும்பத்தினரைச் சேரும். கிராமப் பஞ்சாயத்துகளில் கிராம நிர்வாக அலுவலரிடமும், மாநகராட்சி, நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவிலும் தெரிவிக்க வேண்டும். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். சொந்த ஊரில் அன்று. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்த குடும்பங்கள் அவ்வூர் அலுவலகத்தில் சான்றிதழ் தேடி அலைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 21 நாட்கள் கடந்தால் 30 நாட்கள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை உரிய அலுவலரின் எழுத்துவழி அனுமதி. ஓராண்டும் கடந்தால் நடுவரின் ஆணை என்று வழி நீண்டுகொண்டே போகும்.

பதிவான சான்றிதழைத் தமிழ்நாட்டில் இணையவழியே கட்டணமின்றிப் பதிவிறக்கம் செய்யலாம். ஆகவே படிகள் கிடைப்பதில் இடர் இல்லை. இடர் முழுதும் பெயரில் இருக்கிறது.

நம் நாட்டு வழக்கப்படி ஒருவருடைய பெயர் ஆதாரில் தந்தை பெயரோடு விரிந்திருக்கும். பத்திரத்தில் முதலெழுத்தோடு நிற்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். சண்முகம் என்பது ஓர் ஆவணத்தில் ஷண்முகமாகவும் இன்னொன்றில் சம்முகமாகவும் இருப்பது வியப்பன்று. நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு வருபவரை அழைத்துவரும் பக்கத்து வீட்டார், ஊரில் அழைக்கும் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துவிடுவதும் உண்டு. அனுமதிச் சீட்டில் எழுதப்பட்ட அந்தப் பெயரே சிகிச்சைப் பதிவேட்டுக்கும், அங்கிருந்து இறப்பு அறிக்கைக்கும், இறப்புச் சான்றிதழுக்கும் செல்கிறது. பின்னர் வங்கி அலுவலர், "இறந்தவர் வேறு, கணக்கு வைத்திருந்தவர் வேறு" என்கிறார். அவரைக் குறை சொல்லவும் இயலாது.

ஆகவே நோயாளி உள்நோயாளியாக இருக்கும்போதே, நலமடைந்து வீடு திரும்புவார் என்ற உறுதி இருந்தாலும்கூட, அனுமதிச் சீட்டில் உள்ள பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி ஆகியவற்றை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் அன்றே திருத்திக்கொள்ளலாம். இறப்பு நேர்ந்துவிட்டால், அறிக்கை பதிவாளருக்குச் செல்லுமுன் குடும்பத்தாருள் நிதானமாக இருக்கும் ஒருவர் அதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பதிவான பின்னும் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் திருத்தம் கோரலாம். ஆயினும் அதற்குச் சான்றுகளும் நாட்களும் வேண்டும்.

இறப்புச் சான்றிதழில் இறப்பின் காரணம் இடம்பெறாது. அதற்கென மருத்துவர் எழுதும் சான்று தனியானது. அதன் படியை நெருங்கிய உறவினருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கூறுகிறது. கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பிரேதப் பரிசோதனையை மறுக்குமுன்

சாலை விபத்து, மரத்திலிருந்து விழுதல், மின்சாரம் தாக்குதல், பாம்புக்கடி, நஞ்சு போன்றவற்றால் இறப்பு நேரும்போது மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்போது குடும்பத்தார் எங்களைக் கைகூப்பி வேண்டுவது ஒன்றே: "உடம்பை அறுக்க வேண்டாம், டாக்டர்." அந்தத் துயரை நான் அறிவேன். எனினும் அதற்காக, மோசமான நிலையில் உள்ளவரை எங்கள் அறிவுரைக்கு மாறாக வீட்டுக்கு அழைத்துச் சென்று, வழியிலேயே உயிர் பிரிந்து, யாருக்கும் தெரிவிக்காமல் அடக்கம் செய்துவிடும் குடும்பங்கள் பின்னர் இழப்பது பெரிது.

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யப்படும் பிரதமரின் சுரக்ஷா காப்பீட்டுத் திட்டத்தில் விபத்து இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. அதைக் கோருவதற்கு முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை முதலியன வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றில் உடனடி மருத்துவமனைப் பதிவு துணைநிற்கும். அந்தப் பதிவாவது இருக்க வேண்டுமல்லவா? சாலை விபத்தாயின் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோரும் மனுவுக்குச் சட்டம் குறித்துள்ள காலம் விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். துக்கம் கழியட்டும் என்று ஓராண்டு காத்திருப்பவர்கள் இதை அறிவதில்லை.

வங்கியில்

கணவருடைய ஏ.டி.எம். அட்டையும் அதன் இரகசிய எண்ணும் பெரும்பாலான வீடுகளில் மனைவிக்கோ மகனுக்கோ தெரியும். இறந்த பிறகு அதைக்கொண்டு பணம் எடுக்கக் கூடாது. அலைபேசி வழியே மாற்றவும் கூடாது. ஈமச் செலவுக்காக நல்லெண்ணத்தோடு எடுத்த பத்தாயிரம் ரூபாய், பின்னர் மற்ற வாரிசுகள் "பணத்தைச் சுருட்டினாள்" என்று சொல்வதற்கு ஆதாரமாகிவிடும். இறந்தவர் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரமும் அவர் உயிரோடு சேர்ந்தே முடிவுற்றுவிடுகிறது. அதைக்கொண்டு எந்தச் செயலும் செய்ய இயலாது.

இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்காயின் துணைவர் தொடர்ந்து இயக்கலாம். நாமினி பதிவு செய்யப்பட்டிருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளச் சான்றும் கொடுத்துத் தொகையைப் பெறலாம். உரிய ஆவணங்கள் கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி தீர்வு காண வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நாமினி இல்லையெனினும் குறிப்பிட்ட தொகை வரை நீதிமன்றச் சான்று கேட்காமல், வாரிசுகளின் உறுதிமொழியைப் பெற்று வங்கிகள் தருகின்றன.

கணக்குப் புத்தகத்தைப் பதிவிட்டு, முந்தைய இரண்டு ஆண்டுகளின் வரிகளை ஒன்றுவிடாமல் படியுங்கள். மே மாத இறுதியை ஒட்டி 436 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய்க்கு உரியது. கணவர் அதில் சேர்ந்திருந்ததே தெரியாத மனைவியர் மிகப் பலர். காப்பீட்டுத் தவணை, சீட்டு, தபால் அலுவலகச் சேமிப்பு என்று வேறு தடயங்களும் அந்த வரிகளில்தான் அகப்படும். இதே காரணத்துக்காக அவருடைய சிம் அட்டையையும் சில மாதங்கள் உயிரோடு வைத்திருங்கள். நினைவூட்டல் செய்திகள் அதில்தான் வரும். பல ஆண்டுகளாக இயக்கப்படாத வைப்புத்தொகை எங்கேனும் உண்டா என்று தேட ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய உத்கம் என்னும் இணையதளம் உதவும்.

நாமினி என்றால் உரிமையாளரா?

அம்மையார்கள் பலர், "எல்லாவற்றிலும் நான்தான் நாமினி, கவலையில்லை" என்று கூறக் கேட்டிருக்கிறேன். வேறு சிலர், "நாமினியாக அவருடைய அக்காளின் பெயர் இருக்கிறது, எல்லாம் போயிற்று" என்று அழுவதையும் கண்டிருக்கிறேன். இரண்டும் முழு உண்மையல்ல. நாமினி என்பவர் பொதுவாகத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. பெற்ற தொகை உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டப்படியோ உரியவர்களுக்குச் சேர வேண்டும். நிறுவனப் பங்குகள் குறித்தும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோருள் ஒருவர் நாமினியாயின் அவரே பயனுக்கு உரியவர் என்ற நிலை ஏற்பட்டுள்ளது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் வேறொரு பாதுகாப்பு உண்டு. திருமணத்துக்கு முன் தாய் பெயரிலோ தங்கை பெயரிலோ செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். கணவர் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் நிதித் தொகை, குடும்ப ஓய்வூதியம், வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு என மூன்றும் கோரத்தக்கவை. காப்பீட்டுத் தொகை மட்டும் 7 லட்சம் ரூபாய் வரை வரலாம். ஒப்பந்தத் தொழிலாளி, சில மாதங்களே வேலை பார்த்தார் என்று சொல்லி நிறுவனத்தார் அனுப்பிவிட்டால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலும் பணிக்காலத்தில் இறந்தவரின் மனைவிக்கு ஓய்வூதிய உரிமை உண்டு. வைப்பு நிதி அலுவலகத்தை நேரில் அணுகுங்கள்.

பங்கு யாருக்கு எவ்வளவு

வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தின் வழியே விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். அச்சான்றிதழ் வாரிசுகள் யார் என்பதைத்தான் கூறும்; யாருக்கு எவ்வளவு என்பதைக் கூறாது. அதற்கு விண்ணப்பிக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டிய தேவை சிறிதும் இல்லை. யாரேனும் அங்கே அழைத்துச் சென்றால், அது வேறு காரியம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் செல்லும். மணமான மகளுக்கும் பங்கு உண்டு. தந்தை முதல் வகுப்பு வாரிசு அல்லர், உடன்பிறந்தோரும் அல்லர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாயும் இருந்தால் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. மாமியாருக்குப் பங்கு உண்டு என்பதை மருமகள்களும், மாமனாருக்கும் கொழுந்தனாருக்கும் பங்கு இல்லை என்பதைக் குடும்பத்தாரும் பெரும்பாலும் அறிவதில்லை. மாமியார் தம் பங்கைப் பெற்று, பின்னர் உயிலின்றி மறைந்தால், அது அவருடைய கணவருக்கும் பிள்ளைகளுக்கும், முன்னரே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். பல வீடுகளில் பூசல் எழுவது இந்த இரண்டாம் சுற்றில்தான். பூர்வீகச் சொத்தில் கணக்கு மாறும்.

கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால் பங்கு பறிபோகும் என்று இன்றும் அச்சுறுத்துகிறார்கள். அது உண்மையன்று. கணவரிடமிருந்து அவருக்குச் சேர்ந்த பங்கு அவருடைய முழு உரிமை. அவருடைய நகைகளும் அவ்வாறே.

மனைவி இறந்தால், அவருடைய சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் செல்லும். பிள்ளைப்பேறு இல்லாத பெண்ணாயின், தாய் தந்தையரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து அவர் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும், கணவருக்கு வராது. கிறித்தவக் குடும்பங்களில் பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, எஞ்சியது பிள்ளைகளுக்கு. இசுலாமியக் குடும்பங்களில் பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும், இல்லையெனில் நான்கில் ஒரு பங்கும் உண்டு. கணவருக்கு அவை முறையே நான்கில் ஒன்று, பாதி.

இனி அந்த விடுதலைப் பத்திரத்துக்கு வருவோம். தம் பங்கை விட்டுக்கொடுப்பது குற்றமன்று. மாமியாரைப் பேணும் கொழுந்தனாருக்கு மனமொப்பி விட்டுக்கொடுத்த பெண்களும் உண்டு. ஆனால் பதிவான பத்திரத்தை நீக்க வேண்டுமாயின் உரிமையியல் நீதிமன்றத்தில் ஏமாற்றத்தையோ வற்புறுத்தலையோ மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். ஆகையால் எந்தக் காகிதமாயினும் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓர் இரவாவது வீட்டில் வைத்திருந்து, உங்கள் பிறந்த வீட்டாரோ நம்பிக்கைக்குரிய பிறரோ படித்த பிறகே கையொப்பமிடுங்கள். "இன்றைக்கே போட்டால்தான் ஆகும்" என்று யார் சொன்னாலும், வாரிசாகிய உங்கள் பங்கு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடாது. மருத்துவனாக ஒன்றைச் சொல்வேன். துணையை இழந்த முதல் வாரங்களில் உறக்கம் கெடுகிறது, கவனம் நிலைப்பதில்லை, கேட்டது நினைவில் தங்குவதில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஒரு வங்கி மேலாளரே தம் மனைவி மறைந்த பத்தாம் நாள் எதில் கையொப்பமிட்டோம் என்று பிறகு நினைவுகூர இயலாமல் என்னிடம் வருந்தியிருக்கிறார்.

வயது வராத பிள்ளைகளின் பங்கு தனி. தாயே இயற்கைக் காப்பாளர் எனினும், அவர்களுக்கு வாரிசுரிமையாக வந்த அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ விட்டுக்கொடுக்கவோ இந்து இளவர் காப்பாண்மைச் சட்டம் இடம்தரவில்லை. நான் கூறிய அம்மையாருக்குக் கைகொடுத்தது இதுவே. அந்தப் பத்திரம் பிள்ளைகள் இருவரின் பங்கைத் தொடவில்லை என்று வழக்கறிஞர் அவருக்கு எடுத்துரைத்தார். அவருடைய சொந்தப் பங்கு குறித்த வழக்கு, நான் கடைசியாகக் கேட்டபோது, இன்னும் நடந்துகொண்டிருந்தது.

கடன் கேட்டு வருவோர்

இறந்தவர் வாங்கிய கடனுக்கு வாரிசுகள், தாம் அவரிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாவர். அவர் எதையும் விட்டுச்செல்லவில்லையெனில் மனைவியின் சம்பளத்தையோ அவருடைய நகையையோ கடன் கொடுத்தவர் கேட்க இயலாது. மனைவி கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ பிணை நின்றிருந்தாலோ மட்டும் நிலைமை வேறு. மகளிர் குழுக் கடன்களில் கணவரும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிட்டிருப்பது வழக்கமாதலால் அதைப் பாருங்கள். வீட்டுக் கடனோடும் சில குழுக் கடன்களோடும் கடனாளியின் ஆயுளுக்குக் காப்பீடு சேர்ந்திருக்கும். தவணையைக் கட்டத் தொடங்குமுன் அதைக் கேட்டறிய வேண்டும்.

காரிய வீட்டுக்கே புரோநோட்டோடு வருபவர்களும் உண்டு. கடன் உண்மையாகவே இருக்கலாம். அதற்கான படியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பழைய நோட்டைக் கிழித்துவிடுகிறேன், உங்கள் பெயரில் புதிது எழுதிக் கொடுங்கள்" என்பதற்கு மட்டும் இணங்காதீர்கள். எழுதிய அந்தக் கணத்தில் அது உங்கள் சொந்தக் கடனாகிவிடும்.

எங்களால் மாற்றி எழுத இயலாதவை

ஆயுள் காப்பீட்டுக் கோரிக்கைக்காகச் சிகிச்சை அளித்த மருத்துவரின் அறிக்கை கேட்கப்படும். அப்போது சிலர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்பது: "சர்க்கரை நோய் பத்து வருடமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் குறைத்து எழுதக்கூடாதா?" அனுமதியான அன்று குடும்பத்தார் கூறியதுதான் பதிவேட்டில் இருக்கிறது. அதை மாற்றுவது குற்றம். மாற்றினால் கோரிக்கையும் கெடும். பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தால் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. அதற்குப் பின் தகவலை மறைத்ததாகக் கூறிப் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க நிறுவனத்தால் இயலாது. மூன்று ஆண்டுகளுக்குள் என்றால் விசாரணை வரும். அப்போதும், இறப்புக்குக் காரணமான நோய் பாலிசி எடுத்தபின் தோன்றியது என்பது பதிவேட்டில் தெளிவாக இருந்தால் அதுவே உங்களுக்குத் துணை. எழுதிக் கேட்டால் பதிவேட்டின் நகலை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. உள்நோயாளிப் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில் இருப்பதால் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

தெளிவு இருக்கும்போதே

செயற்கைச் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளியின் கட்டை விரலில் மை தடவ வந்தவர்களை நான் இருமுறை பிரிவை விட்டு வெளியேற்றியிருக்கிறேன். ஒருமுறை வந்தவர் பெற்ற மகன். மயக்க மருந்து செலுத்தப்பட்டவரிடம் பெற்ற ரேகை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. எந்த நேரத்தில் எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது எங்கள் பதிவேட்டில் மணிவாரியாக இருக்கிறது.

நெடுநாள் நோயுற்றோர் உயில் எழுத விரும்பினால், தெளிவோடு இருக்கும் நாளில் எழுதட்டும். முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். அவர் கையொப்பமிடுவதைக் கண்ட இருவர் சாட்சிகளாகக் கையொப்பமிட வேண்டும். பயன்பெறுவோர் சாட்சியாக இல்லாதிருப்பது நலம். பதிவு செய்வது கட்டாயமன்று, எனினும் பின்னாளில் ஐயம் எழாமல் காக்கும். அன்றைய நாளில் அவர் தம்மையும் சூழலையும் அறிந்திருந்தார் என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் சோதித்து எழுதும் சான்று இணைந்திருந்தால் வலிமை கூடும். முன்கூட்டித் தெரிவித்தால் நாங்கள் அதைச் செய்து தருவோம்.

உயில் என்ற சொல்லையே அபசகுனமாகக் கருதும் வீடுகளில், குறைந்த அளவு நாமினி பெயர்களையாவது சரிபார்க்கலாம். வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நியமிக்கும் வசதி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. டயாலிசிஸ் செய்துகொள்ள வாரம் இருமுறை வரும் ஒரு பெரியவர் தம் படுக்கையில் அமர்ந்தபடியே மனைவிக்கு ஒரு பள்ளி நோட்டில் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில், எந்த நகை எந்தக் கடையில் அடகில், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று. நான்கு வாரங்கள் ஆயின. அம்மையார் முதலில் அழுதார். பின்னர், "போன தடவை சொன்ன சீட்டு எந்தத் தேதியில் முடிகிறது?" என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

உதவி கிடைக்கும் இடம்

பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அளிக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, வட்ட அளவிலான குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் அல்லது அதற்கு விண்ணப்பித்த சீட்டு, குடும்ப அட்டை, சொத்துப் பத்திரத்தின் படி, ஏற்கெனவே எதிலேனும் கையொப்பமிட்டிருந்தால் அதன் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நகல் கையில் இல்லையெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனையின் வில்லங்கச் சான்று கேட்டால் என்ன பதிவாகியுள்ளது என்பது தெரிந்துவிடும். வாழ வழியற்ற நிலையில் உள்ளவர்கள் மாதம் 1,200 ரூபாய் வழங்கும் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கணவரின் பெயரில் இரு சக்கர வாகனம் இருந்தால் அதையும் மறவாதீர்கள். 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் பெயர் மாற்றக் கோர வேண்டும்.

மருத்துவமனை ஆவணம் எதுவாயினும் தரைத்தளத்தில் உள்ள மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் கேளுங்கள். நோயாளியின் உள்நோயாளி எண் நினைவில் இல்லாவிட்டாலும் அனுமதியான நாளைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.